பதின்மூன்று மேடுகளில் ஒன்றை விட்டுவையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் கம்மசந்திராவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கோடிலிங்கேஸ்வரர் கோயிலின் 108 அடி லிங்கத்தைப் பார்க்கப் பெங்களூரிலிருந்தும், வேலூர், குடியாத்தம் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தரிசனம் முடிந்ததும் யாராவது ஒருவர், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அந்த கே.ஜி.எஃப்பையும் பார்த்துட்டே போயிடலாம்" என்பார். வண்டி தங்கவயல் பக்கம் திரும்பும். நந்திதுர்க் வந்து, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் கண்ணாடியை இறக்கி, சினிமா எடுத்த இடம் எங்கே என்று கேட்பார்கள். எங்கள் பையன்கள் சயனைடு மேட்டைக் கைகாட்டுவார்கள்.

வந்தவர்கள் மேட்டில் ஏறுவார்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில், ஒரு புல் இல்லாமல், மழை அறுத்த பள்ளங்களோடு, அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் மண். மேலே நின்று பார்த்தால் ராஜஸ்தானத்துப் பாலைவனத்துக்கு வந்துவிட்டதுபோல இருக்கும். செல்ஃபி எடுப்பார்கள். குழந்தைகள் சறுக்கி விளையாடும். கையிலும் முகத்திலும் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். தாங்கள் எதன்மேல் நின்றோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல ஓர் ஆளும் இல்லை, ஒரு பலகையும் இல்லை.

நான் நந்திதுர்க் லைனில் பிறந்தவள். அப்பா இங்கே டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே இருக்கிறேன். வருகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆசையோடு வருகிறார்கள், வரட்டும். அவர்களுக்குக் காட்ட வேண்டியதை நாம் காட்டாமல் இருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். காட்டவேண்டியவையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான பரப்பில் கிடக்கும் 13 சயனைடு மேடுகளை ஏலம் விட்டுத் தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் மில்லில் அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண் அது. 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது. அந்தக் காலத்து முறையில் பிடிபடாமல் தப்பிய தங்கம் அதில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இன்றைய தங்க விலைக்கு அதுவும் லாபம்.

இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. ஆடி மாதத்துக் காற்றில் இந்த லைன்களில் குடியிருந்து பார்த்தவர்கள் யாரும் எதிர்க்க மாட்டார்கள். மாடியும் மொட்டைமாடியும் இல்லாத வரிசை வீடுகள். வடகம் காயவைக்க வாசலில் பாய் விரிக்க வேண்டும். காலையில் விரித்தால் மதியத்துக்குள் வடகத்தின்மேல் வெள்ளையாக ஒரு படலம். அம்மா ஈரத்துணியைச் சுருட்டிக் கதவடியில் வைப்பார். அதையும் தாண்டி, மூடிவைத்த குடத்துக்குள் தூசு இறங்கும். மழை வந்தால் மேட்டிலிருந்து வெள்ளைச் சேறு இறங்கிக் கால்வாயை அடைக்கும். மேடுகள் போவது நல்லது. இங்கிருந்து விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் எங்கள் பிள்ளைகளில் சிலருக்காவது உள்ளூரில் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. நான் கேட்பது 13 மேடுகளில் ஒன்றை. அதோடு சுரங்கத்துக்குள் இறங்கும் ஒரு ஷாஃப்டின் இரும்புக் கோபுரம், ஒரு வரிசை லைன் வீடு. இந்த மூன்றையும் அப்படியே விட்டுவையுங்கள் என்கிறேன்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது ஆஸ்திரேலியாவில். மகன் அடிலெய்டில் வேலை பார்க்கிறான். போயிருந்தபோது, "அம்மா, உங்க ஊர் மாதிரியே ஒரு ஊர் இருக்கு" என்று ப்ரோக்கன் ஹில்லுக்குக் கூட்டிப்போனான். காரில் 500 கிலோமீட்டர். வழி நெடுகச் சிவப்பு மண், குட்டைப் புதர், வானம். அப்படி ஓர் அத்துவானத்தில் ஒரு சுரங்க ஊர். 1883இல் அங்கே தாது கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளி, ஈயம், துத்தநாகம். ஊருக்கு நடுவே, சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவுக்கல் ஒரு மலையாக நிற்கிறது. எங்கள் மேட்டைப் பார்த்ததுபோலவே எனக்கு இருந்தது.

அந்தக் கல்மலையின் உச்சியில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். துருவேறிய இரும்பில் ஒரு கூடம்; இரு பக்கமும் பெயர்ப் பலகைகள். அந்தச் சுரங்கங்களில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், ஆண்டுவாரியாக. பெயருக்குப் பக்கத்திலேயே எப்படி இறந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். பாறை விழுந்து. வெடியில். ஈய நஞ்சு ஏறி. ஒரு பலகை முன்னால் நின்றுகொண்டு நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போய்விட்டான். அந்த நினைவிடம் 2001இல் திறக்கப்பட்டது. அதே 2001இல், பிப்ரவரி 28ஆம் தேதி, எங்கள் சுரங்கங்களை மூடினார்கள்.

ஊருக்கு வெளியே இன்னும் நிறைய வைத்திருக்கிறார்கள். ஒரு குன்றின்மேல், பல நாட்டுச் சிற்பிகள் 1993இல் வந்திருந்து மணற்கல்லில் செதுக்கிய 12 சிற்பங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. சூரியன் மறைகிற நேரத்தில் அங்கே கூட்டம். சில்வர்டன் என்று பக்கத்தில் ஏறத்தாழ ஆளொழிந்த ஒரு சுரங்கக் கிராமம். 1981இல் வந்த 'மேட் மேக்ஸ் 2' படத்தை அந்தப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். அந்தப் படத்துக்கென்றே அங்கே ஒரு காட்சியகம் நடக்கிறது. படம் பார்த்துவிட்டு வருகிறவன் அந்தக் காட்சியகத்தைப் பார்க்கிறான், அப்படியே பழைய டேட்ரீம் சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு இறங்குகிறான், பிறகு நினைவிடத்துக்கு வந்து பெயர்களைப் படிக்கிறான். சினிமா அவனை ஊர்வரைக்கும் கூட்டிவருகிறது. அங்கிருந்து ஊர்க்காரர்கள் கூட்டிப்போகிறார்கள். அந்த ஊர் முழுவதையும் 2015இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு நகரமே அப்படிச் சேர்ந்தது அதுதான் முதல்முறை.

நம்மிடமும் சினிமா இருக்கிறது. 2018லும் 2022லும் வந்த 'கே.ஜி.எஃப்' படங்களால் எங்கள் ஊர்ப் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது. 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. முதல் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள், ஒரு ரவுடிக் கும்பல் ஆயிரக்கணக்கானவர்களை அடிமையாக வைத்துத் தங்கம் எடுத்த ஊர் இது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது கற்பனைக் கதை, அதில் தப்பில்லை. ஆனால் நிஜத்தில் இங்கே நடந்தது அதைவிடப் பெரியது.

1802இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் எல்லை அளந்துகொண்டிருந்தபோது, தங்கம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்து ஆட்கள் மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே கழுவித் தங்கத் துகளைக் காட்டினார்கள். வாரன் எழுதிவைத்ததைப் படித்துவிட்டுத்தான் லவேல் என்ற ஐரிஷ்காரர் 1871இல் வந்து அலைந்து உரிமம் வாங்கினார். லவேல் பெயரில் பெங்களூரில் ஒரு சாலை இருக்கிறது. மண் கழுவிக் காட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை. நமீபியப் பாலைவனத்தில் கோல்மன்ஸ்கோப் என்ற வைர ஊர், இப்போது வீடுகளுக்குள் மணல் ஏறி, உலகமெங்குமிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் இடமாகிவிட்டது. அங்கே 1908இல் முதல் வைரத்தை எடுத்துக் கொடுத்தவர் சக்கரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைக் கூலித் தொழிலாளி. அவருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெயராவது இன்று வரலாற்றில் இருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து எங்கள் பாட்டன்மார் வந்தார்கள். நிலம் இல்லாதவர்கள், ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள். இங்கே வந்து மூங்கில் தட்டி வீட்டில் குடியிருந்து, பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அவர்கள் எடுத்த தங்கம் மொத்தம் ஏறத்தாழ 800 டன். இந்தச் சுரங்கத்துக்காகத்தான் 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டருக்கு மின்கம்பி இழுத்தார்கள். அப்போது உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே எங்கள் சுரங்கத்தில் மின்சாரம் ஓடியது.

இறங்கியவர்கள் வெறும் கூலியாள்களாக இருந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இங்கே மாரிக்குப்பத்தில் வேர்பிடித்தது. பண்டிதருக்குப் பிறகு நின்றுபோன 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் மறுபடியும் நடத்தினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்ட நூல்களைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இன்றைக்கும் தேடி அலைகிறார்கள். 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம். 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1956இல், மைசூர் அரசு சுரங்கங்களைக் கையில் எடுத்தது. மேட்டில் ஏறி நிற்கும் காலேஜ் பிள்ளைக்கு இந்தக் கதையில் கால்வாசி சொன்னாலும் போதும், செல்போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டுக் கேட்பான். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்கிறார்கள்.

இன்னொன்று. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். உலகத்திலேயே அதை முதலில் கண்ட ஆய்வுகளில் ஒன்று. மற்றொன்று நடந்ததும் தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். அந்த ஆழத்துக்குக் கருவிகளைக் கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் இறக்கிக் கொடுத்தவர்கள் எங்கள் லைன்களில் குடியிருந்தவர்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளிலேயே முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. இங்கே ஓர் அறை, ஒரு படம், விளக்கிச் சொல்ல ஓர் ஆள், இவ்வளவுதான் தேவை.

கீழே ஆட்களைக் கூட்டிப்போக முடியாது. மூடியபின் பம்புகளை நிறுத்திவிட்டதால் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆகவே மேலே இருப்பதுதான் நமக்கு மிச்சம், அதுதான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கிறது, துருப்பிடிக்காததைத் திருடுகிறார்கள், பிழைப்புக்கு வழியில்லாமல் திருட இறங்கிச் செத்தவர்களும் உண்டு. ஷாஃப்ட் கோபுரம் ஒன்று விழுந்தால் அதை மறுபடி கட்டப் போகிறவர் யாருமில்லை.

பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார், அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர். இந்த யோசனையைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, நாம பட்டதெல்லாம் காட்டி டிக்கெட் போடச் சொல்றியா? அப்பன் இருமினது உனக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்த மருத்துவர்கள், ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்குக் கல்தூசு நோய் இருப்பதாகக் கண்டார்கள். சிலிக்கோசிஸ். உள்ளே போன தூசு வெளியே வராது. அப்பா கடைசி நாட்களில் படுத்துத் தூங்கியதில்லை. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைத்தார்.

அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: இப்போதும் காட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? யாரோ எடுத்த சினிமாவின் கதையை வைத்து, யாரோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் கதையை நாமே சொன்னால், எது காட்டலாம், எது கூடாது என்று முடிவெடுப்பது நம் கையில் இருக்கும். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் ஆனால் அடுக்கில் பாத்திரம் குலுங்கும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். எந்த லெவல், யார் ஷிஃப்ட் என்று தெரிகிறவரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். இதை வந்தவர்களுக்கு ஒரு குத்தகைக்காரனின் ஆள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கக் கூடாது. அந்த வாசலில் நின்ற பெண்ணே சொல்லவேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து இருப்பார்களா என்று தெரியாது.

மேட்டை இன்றைக்கு இருக்கும் நிலையில் காட்சிப் பொருளாக்கக் கூடாது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. எங்களைக் கொன்ற அதே தூசு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளின் மூக்கிலும் ஏறுகிறது. ப்ரோக்கன் ஹில்லிலும் ஒரு காலத்தில் புழுதிப் புயல் வீடுகளை மூடிக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் மோரிஸ் என்ற சுரங்க உலோகவியலாளர், செடிகொடிகளில் ஆசை கொண்டவர், ஊரைச் சுற்றி வேலியடைத்து ஆடுமாடும் முயலும் நுழையாமல் தடுத்து அந்த மண்ணுக்குரிய செடிகளை வளர்க்கும் வேலையை 1936இல் தொடங்கினார். அந்தப் பசுமை வளையம் இன்றும் இருக்கிறது. நாம் விட்டுவைக்கிற ஒரு மேட்டுக்கும் அப்படிச் சரிவில் பசுமை போர்த்த வேண்டும். சுற்றி வேலி, தூசு கிளம்பாத ஒரே ஒரு நடைபாதை, மேலே நின்று பார்க்க ஒரு மேடை. ஏறிச் சறுக்கி விளையாட அனுமதி கூடாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். 12 மேடுகளில் எடுக்கப் போகிற தங்கத்தில் ஒரு சிறு பங்கு போதும். ஏல நிபந்தனைகளிலேயே அதை எழுதிவிட வேண்டும்: இந்த மேடு, இந்த ஷாஃப்ட், இந்த லைன் ஏலத்துக்கு உட்பட்டவை அல்ல, எடுப்பவர் இவற்றின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தரவேண்டும், வழிகாட்டி, காவல், டிக்கெட், சமையல் எல்லா வேலையும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி, இருமிக்கொண்டிருக்கிறவர்களின் மருந்துச் செலவுக்கு. லைன் வீடுகளில் காலங்காலமாகக் குடியிருப்பவர்களைப் பாரம்பரியத்தின் பேரைச் சொல்லிக் காலி செய்யக் கூடாது. விட்டுவைக்கிற வரிசை ஆளில்லாத வரிசையாக இருக்கட்டும். அப்படி இடிந்து கிடப்பவை ஏராளம்.

பெயர்களுக்கு மட்டும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மைசூர் அரசின் தலைமைச் சுரங்க ஆய்வாளர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதியிருக்கிறார்; விபத்துகள் அதில் வரும். அறிக்கையில் ஏறாத சாவுகள் குடும்பங்களின் நினைவில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து லைன் லைனாகப் போய் எழுத ஆரம்பித்திருக்கிறோம். செத்தவர் பெயர், தகப்பன் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மைன், எந்த ஷாஃப்ட், எந்த ஆண்டு, எப்படிச் செத்தார். கல்தூசில் செத்தவர்களையும் சேர்க்கிறோம். சுரங்கம் மூடியபின் எத்தனையோ குடும்பங்கள் வேலூருக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டன. இதைப் படிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலாவது, தங்கவயலில் கேஜில் இறங்கித் திரும்பி வராத ஒரு தாத்தாவின் பெயர் பேச்சில் வந்திருந்தால், வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், அந்த வருஷம் வீட்டில் யாருக்குக் கல்யாணம், எந்தக் குழந்தை பிறந்தது என்றாவது குறித்துவையுங்கள். அதை வைத்து நாங்கள் அறிக்கைகளில் தேடிக்கொள்வோம்.